வில்லி வெல்ஸ்: நியூவார்க்கா, மெக்சிகோவா?

அமெரிக்காவில் கறுப்பின வீரர்களுக்கெனத் தனியாக நடந்த நீக்ரோ லீக் பேஸ்பாலில் ஊர் ஊராகச் சுற்றி ஆடிய ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நின்று தடுப்பவர்) வில்லி வெல்ஸுக்கு 1940-களில் இரண்டு வழிகள் இருந்தன.

நீக்ரோ லீக் அணியான நியூவார்க் ஈகிள்ஸில் நல்ல பேர். ஆனால் வெளியூர் போனால், கறுப்பர் என்பதால் பல ஓட்டல்களில் அறையும் கிடையாது, சாப்பாடும் கிடையாது. வெள்ளையர்கள் ஆடிய பெரிய லீக்கின் கதவு சாத்தியே கிடந்தது. ஒருமுறை தலையில் பந்து பட்டுச் சுருண்டவர், அப்புறம் கட்டடத் தொழிலாளியின் தலைக்கவசத்தைத் திருத்தி மாட்டிக்கொண்டு பேட் பிடிக்க வந்தார்.

மெக்சிகோவின் வெராகுரூஸ் அணியில் சம்பளம் கூடுதல். அதைவிட, விரும்பிய உணவகத்தில் போய் உட்காரலாம். ரசிகர்கள் 'எல் டியாப்லோ', அதாவது சாத்தான், என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். 1942-இல் ஈகிள்ஸுக்குத் திரும்பியவர், மறு வருடமே மெக்சிகோவுக்குக் கிளம்பிவிட்டார். நானாக இருந்தால் திரும்பியே வந்திருக்க மாட்டேன்.

பேஸ்பாலின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தது 1997-இல்; அவர் இறந்து எட்டு வருடம் கழித்து.