கியூஜிஐஎஸ் திறக்கத் தாமதமா? டிக் எடுப்பதா, ப்ரொஃபைல் பிரிப்பதா?

காலையில் வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் ஐகானைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய் வந்தாலும், திரையில் அதே தொடக்கப் படம்தான் நிற்கும். உடனே எல்லாரும் ரேமைத்தான் குறை சொல்வார்கள். பல நேரம் ரேம் மேல் தப்பே இருக்காது. டிக் போட்ட பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) ஒவ்வொன்றும், நாம் தொட்டாலும் தொடாவிட்டாலும், ஆரம்பத்திலேயே வரிசையாக ஏறுகிறது. அதில் ஏதோ ஒன்று பாண்டாஸ், மேட்பிளாட்லிப் என்ற பெரிய பைத்தான் நூலகங்களை முதல் வரியிலேயே இம்போர்ட் செய்திருந்தால், கருவிப்பட்டையில் ஒரே ஒரு பட்டன் வைப்பதற்காக அவ்வளவு மூட்டையும் இறங்கும் வரை நாம் காத்திருக்க வேண்டியதுதான்.

எது என்று ஊகிக்க வேண்டாம். எஃப்12 அழுத்தினால் வரும் பலகையில் ப்ரொஃபைலர் என்று ஒரு தாவல் உண்டு; எந்தப் பிளகின் எத்தனை விநாடி தின்றது என்று அங்கேயே தெரியும். என் கணினியில் வரைபடம் போடும் ஒரு பிளகின் மட்டும் மற்ற எல்லாம் சேர்ந்து எடுத்ததைவிட அதிக நேரம் எடுத்திருந்தது. அதைக் கடைசியாகத் தொட்டது போன வருடம், ஒரே ஒரு அறிக்கைக்காக.

சரி, என்ன செய்யலாம்? பிளகின் மேனேஜரில் டிக்கை எடுப்பது சுலபம். அழிக்க வேண்டியதில்லை, தேவைப்படும்போது மறுபடி டிக் போட்டால், பெரும்பாலானவை மென்பொருளை மூடாமலே வந்துவிடும். நாலைந்து பிளகின் வைத்திருப்பவருக்கு இதுவே போதும். ஆனால் இன்று சர்வே, நாளை அச்சுக்கு வரைபடம் என்று மாறி மாறி வேலை செய்கிறவர் ஒரு வாரத்தில் சலித்துப்போய் எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிடுவார். நானும் போட்டேன்.

அப்படிப்பட்டவருக்கு என் ஓட்டு பயனர் ப்ரொஃபைலுக்கு, அதாவது வேலைக்கு ஏற்ப அமைப்புகளைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பதற்கு. 2018இல் வந்த 3.0 பதிப்பிலிருந்தே இந்த வசதி இருக்கிறது. ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் தனி அமைப்புகள், தனி பிளகின் கோப்புறை. ஷார்ட்கட்டின் இலக்கு வரியின் முடிவில் இரண்டு ஹைஃபன் போட்டு ப்ரொஃபைல் என்ற சொல்லையும், இடைவெளி விட்டு அதன் பெயரையும் ஆங்கிலத்தில் சேர்த்தால் நேராக அதிலேயே திறக்கும். இதற்கு ஒரு விலையும் உண்டு: போஸ்ட்கிரெஸ் தரவுத்தள இணைப்புகள், சேமித்த கடவுச்சொற்கள், நாமே செய்த குறியீடுகள் எதுவும் புது ப்ரொஃபைலுக்குத் தானாக வராது. இணைப்புகளை எக்ஸ்எம்எல் கோப்பாகச் சேமித்து அங்கே ஏற்றலாம். சோம்பல்பட்டு பழைய ப்ரொஃபைல் கோப்புறையை அப்படியே நகல் எடுத்தால், பழைய பாரமும் கூடவே வரும்.

பிளகின் எதுவுமில்லாமல் திறக்கும் கட்டளையையும் தீர்வாகச் சிலர் சொல்வார்கள். அது நோயறியத்தான். பகுப்பாய்வுக் கருவிகளைத் தரும் ப்ராசஸிங்கும் ஒரு பிளகின்தான் என்பதால் கருவிப்பெட்டியும் காணாமல் போகும். அன்றாட வேலை ஓடாது. ஆனால் அப்படித் திறந்தும் தாமதம் என்றால் பிளகினை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேட வேண்டும். இன்னொரு சோதனை: கணினியை ஆன் செய்ததும் முதல் தடவை மெதுவாகவும், மூடி உடனே திறந்தால் வேகமாகவும் வந்தால், டிஸ்க் அல்லது ஆன்டிவைரஸைச் சந்தேகிக்கலாம். பைத்தான் ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளைப் படிப்பதால் பழைய சுழலும் டிஸ்க் திணறும். இங்கே எஸ்எஸ்டிக்குச் செலவழிப்பது நியாயம். இரண்டாம் தடவையும் அதே தாமதம் என்றால், எஸ்எஸ்டி வாங்கிப் பெரிய பலன் இருக்காது.

ப்ராஜெக்ட் கோப்பையே இரட்டைச் சொடுக்கில் திறப்பவர்கள் மென்பொருள் திறக்கும் தாமதம், ப்ராஜெக்ட் ஏறும் தாமதம் என்ற இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். தரவுத்தள லேயர்கள் நிறைந்த ப்ராஜெக்டுக்கு, அதன் பண்புகளில் தரவு மூலங்கள் பக்கத்தில் இருக்கும் 'ப்ராஜெக்டை நம்பு' என்ற டிக் உதவும்; அது பிளகின் கணக்கில் சேராது.

அப்புறம், அந்த வரைபடப் பிளகினின் கோப்பைத் திறந்து, இம்போர்ட் வரிகளைப் பட்டன் அழுத்தினால் ஓடும் ஃபங்ஷனுக்குள் தள்ளியும் பார்த்தேன். பிரமாதமாக வேலை செய்தது, அடுத்த அப்டேட் வந்து என் திருத்தத்தை அழிக்கும் வரை. இப்போது அது தனி ப்ரொஃபைலில் தூங்குகிறது.