ஷாப் சாஃப்ட்வேர்: நீர்மின் ஷெட்யூல்ல தேய்மானத்துக்கு விலை போட முடியுமா?

நார்வேல ட்ரான்ட்ஹைம்ல இருக்குற சின்டெஃப்ங்கிற ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க பண்ண ஷாப் (SHOP)ங்கிற சாஃப்ட்வேர வச்சு நீர்மின் நிலையத்துக்கு ஷெட்யூல் போடுறவன்ங்கிற முறைல சொல்றேன், நல்ல சாஃப்ட்வேர். அணை, டனல், டர்பைன், ஜெனரேட்டர்னு எல்லாத்தையும் பைத்தான்ங்கிற ப்ரோக்ராமிங் மொழிலயே கட்டி, மார்க்கெட் விலையையும் டேம்ல மிச்சம் இருக்குற தண்ணியோட மதிப்பையும் கொடுத்தா எந்த மெஷின் எப்ப எத்தன மெகாவாட் ஓடணும்னு சொல்லிடும்.

எனக்கு இதுல ரொம்ப முக்கியம் ஜெனரேட்டருக்குன்னு இருக்குற ஸ்டார்ட் காஸ்ட், அதாவது மெஷின ஒவ்வொரு தடவ ஸ்டார்ட் பண்றதுக்கும் நாம போடுற செலவு. அத பூஜ்யமா விட்டுப் பாருங்க, விலை லேசா ஆடுனாலே மெஷின ஓட்டு நிறுத்துன்னு ப்ளான் வரும், கணக்குல லாபம் ஜோரா இருக்கும், ஆனா ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் ஜெனரேட்டரோட வைண்டிங் (கம்பிச் சுருள்) சூடாகி ஆறி இன்சுலேஷன் கெடுது, ரன்னர், அதாவது டர்பைன்ல சுத்துற சக்கரம், அதோட பிளேடுல ஸ்ட்ரெஸ் ஏறி விரிசல் வளருது, கிரிட்ல சேருற வரைக்கும் தண்ணி சும்மா போகுது. 1997ல வந்த ஸ்வீடன் ஆய்வு ஒண்ணுல ஒரு ஸ்டார்ட்டுக்கு மெகாவாட்டுக்கு சுமார் 3 டாலர்னு போட்டாங்க, 100 மெகாவாட் மெஷினுக்கு 300 டாலர். தயவுசெஞ்சு அத அப்படியே காப்பி பண்ணாதீங்க. அது அந்த காலத்து விலை, அதுவும் சராசரி, வைண்டிங் மாத்த வேண்டிய நெலமைல இருக்குற பழைய மெஷினுக்கும் நேத்து ஓவர்ஹால் முடிஞ்சதுக்கும் ஒரே நம்பர் எப்படிங்க சரியா வரும்? மெயின்டனன்ஸ் ஆளுங்ககிட்ட உக்காந்து மெஷின் வாரியா வாங்கிப் போடுங்க. 2025 அக்டோபர்ல இருந்து ஐரோப்பால நாளைய மார்க்கெட் விலையே 15 நிமிஷத்துக்கு ஒண்ணா வருது, விலை மாறுற தடவையும் கூடிடுச்சு, இனிமே இந்த ஸ்டார்ட் காஸ்ட் நம்பர் தப்பா இருந்தா இன்னும் அதிகமா அடிபடும்.

அடுத்து பார்ட் லோடு, அதாவது மெஷின முழு அளவுக்குக் கம்மியா ஓட்டுறது. ஃப்ரான்சிஸ்ங்கிற வகை டர்பைன பாதி லோடுல ஓட்டுனா டிராஃப்ட் டியூப்ல (டர்பைனுக்குக் கீழ தண்ணி வெளியேறுற குழாய்) தண்ணி கயிறு மாதிரி சுழிச்சு மொத்த மெஷினையும் அதிர வைக்கும். ஸ்டார்ட் காஸ்ட் இதப் பிடிக்காது, ஏன்னா அது ஸ்டார்ட்ட மட்டும்தான் எண்ணுது. அதனால நான் மினிமம் லோட அந்த அதிர்ற ஜோனுக்கு மேல தூக்கி வச்சிடுவேன், கொஞ்சம் காசு போனாலும் பரவால்ல. ரஷ்யால சயானோ சுஷென்ஸ்கயா நீர்மின் நிலையத்துல 2009 ஆகஸ்ட் 17ல 2ம் நம்பர் மெஷினோட டர்பைன் மூடி போல்ட்டுங்க ஃபெடிக்ல (திரும்பத் திரும்ப அதிர்ந்து உலோகம் தளர்றது) விட்டுப்போய் 75 பேர் செத்தாங்க, அதுக்கு முன்னாடி லோட ஏத்தி எறக்குறப்ப ஓட்டக்கூடாத ஜோன அந்த மெஷின் திரும்பத் திரும்பத் தாண்டியிருக்கு.

ஷாப்புல பைத்தான் பகுதி இலவசம், உள்ள இருக்குற எஞ்சினுக்கு லைசன்ஸ் வேணும். ரெண்டு மூணு மெஷினுக்கு மேல, ஒண்ணுக்கு கீழ ஒண்ணா அணை இருந்தா தாராளமா வாங்கலாம். ஒரே ஒரு மெஷின்னா தேவையில்ல.