குற்றவியல் படிப்பு முடித்து நான்கு வருடம்: ஒட்டியது கொஞ்சம், உதிர்ந்தது நிறைய

தண்டனைக்கு முன் குற்றவாளியின் பின்னணி பற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கையும் பரிந்துரையும் எழுதித் தரும் நன்னடத்தை அலுவலராகப் பதினோரு வருடம் வேலை பார்த்த பிறகு, குற்றவியலும் தண்டனை நிர்ணயமும் சேர்ந்த ஒரு பகுதிநேர முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். இரண்டு வருடப் படிப்பு. முடித்து நான்கு வருடம் ஆகிறது. முடித்த கையோடு எழுதியிருந்தால் ஆகா ஓகோ என்று எழுதியிருப்பேன். எது வேலைக்கு உதவுகிறது என்பது இப்போதுதான் தெரிகிறது.

வகுப்பில் காவல் துறையினர், சிறை அலுவலர்கள், அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள், ஓரிரு நீதிபதிகள் என்று கலந்து இருந்தோம். முதல் வாரமே ஒரே வழக்குக் கட்டை எல்லோரிடமும் கொடுத்து, பக்கத்தில் பார்க்காமல் தண்டனையை எழுதித் தரச் சொன்னார்கள். ஆளில்லாத வீட்டில் திருட்டு, இருபத்திரண்டு வயது, பழைய சிறு வழக்கு ஒன்று. பலகையில் எழுதிப் போட்டபோது, அபராதத்தில் தொடங்கி மூன்று வருடச் சிறைவரை போய் நின்றது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சிறை அலுவலர் ஒருவர் மட்டும், "உள்ளே வர்றவங்க இதைத்தான் சார் வருஷக்கணக்கா சொல்லிட்டு இருக்காங்க" என்றார்.

அடுத்த வகுப்பில் ஜெர்மனியில் நடந்த பகடைச் சோதனையைப் படித்தோம். 2006இல் வெளியான ஆய்வு. சட்டத் துறையினரிடமே ஒரு கடைத் திருட்டு வழக்கைக் கொடுத்து, பகடைகளை உருட்டி, விழும் எண்ணை அரசுத் தரப்பு கேட்கும் மாதக் கணக்காக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கூட்டினால் 3 அல்லது 9 மட்டுமே வரும்படி பகடைகளைச் செய்திருந்தார்கள். 9 விழுந்தவர்கள் சராசரியாக ஏறத்தாழ 8 மாதம் சொன்னார்கள். 3 விழுந்தவர்கள் 5 மாதம். தாங்களே உருட்டிய பகடை என்று தெரிந்தும் இப்படி! அன்றிலிருந்து, என் பரிந்துரையை எழுதி முடிக்கும்வரை அரசுத் தரப்பு எவ்வளவு கேட்கிறது என்று நான் பார்ப்பதில்லை. சின்னப் பழக்கம்தான், ஆனால் இன்றுவரை விடவில்லை.

படிப்பால் கிடைத்த பெரிய லாபம் என் அறிக்கைகள் மாறியதுதான். பெயர், ஊர் எல்லாம் நீக்கிவிட்டு என் பழைய அறிக்கை ஒன்றைப் பயிற்சிக்குக் கொடுத்திருந்தேன். ‘குடும்பச் சூழல் சரியில்லை, சகவாசம் மோசம்’ என்ற வரியின் கீழே பேராசிரியர் கோடு போட்டு, "இதை வைத்துக்கொண்டு நீதிபதி என்ன செய்ய வேண்டும்?" என்று எழுதியிருந்தார். எரிச்சலாகத்தான் இருந்தது. பதினோரு வருடம் அப்படியே எழுதி யாரும் ஒன்றும் கேட்டதில்லையே! இப்போது எழுதுவது இப்படி: ‘இரண்டு சம்பவங்களும் சம்பள நாள் இரவில், குடித்த பிறகு நடந்தவை. மற்ற நாட்களில் வேலைக்குப் போகிறார். சம்பளத்தை அக்கா வாங்கி வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார்.’ இதை வைத்து ஒரு நிபந்தனை போடலாம், பிறகு அது நடக்கிறதா என்றும் பார்க்கலாம்.

இன்னொன்று, கனடா உளவியலாளர்கள் ஆண்ட்ரூஸ், பாண்டா ஆகியோர் 1990இல் வகுத்துச் சொன்ன அபாய அளவுக் கொள்கை. மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு அதிகம் உள்ளவருக்குத்தான் தீவிரக் கண்காணிப்பும் பயிற்சியும் பலன் தரும். வாய்ப்பு குறைவாக உள்ளவரை அதே பயிற்சிக்குள் தள்ளினால் கெடுதலாகவும் முடியலாம். நான் அதுவரை எல்லோருக்கும் எல்லாவற்றையும் பரிந்துரைத்தவன். வாராவாரம் கையெழுத்து, ஆலோசனை, கோபக் கட்டுப்பாட்டு வகுப்பு என்று அடுக்கிவிடுவேன். அப்படி நான் அடுக்கிய ஒரு பையனுக்கு வகுப்பு நாளும் வேலை நாளும் மோதி, வேலை போய்விட்டது. அந்த வகுப்பில் அவனுக்குக் கிடைத்த புது நண்பர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டுதான் செய்தேன்.

கோட்பாடுகளின் பெயர்கள் பெரும்பாலும் மறந்துபோயின. புள்ளியியல் பாடத்தைச் சொதப்பிவிட்டார்கள். சூத்திரம் மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள், ஆய்வைப் படித்துச் சந்தேகப்படக் கற்றுத் தரவில்லை. சந்தேகப்படுவது ஏன் தேவை என்பதற்கு அமெரிக்கச் சமூகவியலாளர் மார்ட்டின்சன் கதையே போதும். சிறைச் சீர்திருத்தப் பயிற்சிகளால் மறுகுற்றம் பெரிதாகக் குறையவில்லை என்று 1974இல் எழுதினார். அது ‘எதுவுமே பலிக்காது’ என்று பரவிவிட்டது. 1979இல் சில பயிற்சிகளுக்குப் பலன் உண்டு என்று அவரே மாற்றி எழுதினார். அது யார் காதிலும் விழவில்லை.

இரண்டு வருடம் முன்பு எங்கள் அலுவலகத்தில் ஒருவர் மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்புக்கு அபாய மதிப்பெண் போடும் மென்பொருள் ஒன்று வந்தது. பயிற்சி அரை நாள். எந்தக் கூட்டத்தாரின் தகவலை வைத்து இந்த மதிப்பெண் கணக்கிடப்பட்டது என்று நான் கேட்டேன். பயிற்சி கொடுக்க வந்தவரிடம் பதில் இல்லை. இப்படிக் கேட்க வேண்டும் என்று தோன்றியதே இப்படிப்பட்ட மதிப்பெண் பற்றி அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் 2016ஆம் ஆண்டு லூமிஸ் வழக்கில் தந்த தீர்ப்பைப் படித்ததால்தான். மதிப்பெண்ணைப் பார்க்கலாம், ஆனால் தண்டனையை அதுவே தீர்மானிக்கக் கூடாது, அதன் குறைகளையும் நீதிபதிக்குச் சொல்லியாக வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. இப்போது மதிப்பெண்ணுக்குக் கீழே இரண்டு வரி விளக்கம் சேர்த்தே அனுப்புகிறேன்.

குறைகளும் உண்டு. பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய பகுதியை ஒரே வாரத்தில் ஓட்டிவிட்டார்கள். ஒரு வழக்கை மூன்று மணி நேரம் அலசப் பழக்கினார்கள். நீதிமன்றத்தில் என் அறிக்கைக்குக் கிடைப்பது சில நிமிடம். முதல் பத்தியிலேயே விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்பதை நானாகத்தான் கற்றுக்கொண்டேன். பட்டம் வாங்கிய மறுமாதமே இணைய நூலக அனுமதியை நிறுத்திவிட்டார்கள். வேலையில் இருப்பவர்களுக்கென்றே நடத்தும் படிப்பில் இது என்ன கணக்கோ!

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் படிக்க வேண்டாம். நாலைந்து வருடமாவது வழக்குகளைப் பார்த்துவிட்டுப் போனால்தான், வகுப்பில் சொல்வதைப் பொருத்திப் பார்க்க உங்களிடம் ஆட்கள் இருப்பார்கள். போகும்போது பழைய அறிக்கைகள் இரண்டு மூன்றை, பெயர்களை அழித்துவிட்டு, எடுத்துப் போங்கள். நன்றாக எழுதியதாக நீங்கள் நினைக்கும் அறிக்கைகளாக இருக்கட்டும். அப்புறம், நூலகம் திறந்திருக்கும்போதே கட்டுரைகளைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.