நவாஸா, ஹோவாக்கினா: வலது விங்கர் யாரைப் பார்த்துக் கற்கலாம்?

ஹெசூஸ் நவாஸ், ஹோவாக்கின் சான்செஸ்: இருவரும் ஸ்பெயினின் அந்தலூசியா பகுதிக்காரர்கள். கால்பந்தில் விங்கர்கள், அதாவது மைதானத்தின் ஓரமாக ஓடித் தாக்குபவர்கள். வலது ஓரத்திலேயே வளர்ந்தவர்கள். செவிய்யா நகரின் இரு பகையணிகளின் செல்லப்பிள்ளைகள்: நவாஸ் செவிய்யா அணிக்கு, ஹோவாக்கின் பெத்திஸ் அணிக்கு.

ஆட்டம்
நவாஸ்: நேர்க்கோட்டு வேகம், ஓயாத கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னே அனுப்பும் பந்து). 2010 உலகக்கோப்பை இறுதியில் இனியெஸ்தா அடித்த கோல், தன் பாதியிலிருந்து பந்தை ஓட்டிக்கொண்டு வந்த நவாஸிடம்தான் தொடங்கியது. அந்தக் காணொளியை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். சுற்றிப் பலர் மொய்த்தாலும் அஞ்சாமல் முன்னேறுவார்.
ஹோவாக்கின்: நின்று, இடுப்பை அசைத்து, பின்களக்காரரை ஏமாற்றும் கலை. 2019 டிசம்பரில், 38 வயதில், அத்லெடிக் பில்பாவோவுக்கு எதிராக முதல் 20 நிமிடத்திலேயே ஹாட்ரிக்!

நீடிப்பு
நவாஸ்: வேகம் குறைவதற்குள் வலது பின்களத்துக்கு மாறினார். 38 வயதில் யூரோ 2024 (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) அரையிறுதியில் பிரான்சின் எம்பாப்பேயை எதிர்கொண்டார்.
ஹோவாக்கின்: ஸ்பெயினின் முதல்நிலைத் தொடரான லா லிகாவில் 622 ஆட்டங்கள், 2023 வரை.

கோப்பைகள்
நவாஸ்: உலகக்கோப்பை, இரண்டு யூரோ. இதில் போட்டியே இல்லை.
ஹோவாக்கின்: மூன்று ஸ்பானிய அரசர் கோப்பை. 2002 உலகக்கோப்பை காலிறுதியில், தென் கொரியாவுடன் அவர் கொடுத்த கிராஸில் விழுந்த கோல் செல்லாமல் போனது இன்னும் உறுத்துகிறது.

சரி, யார் யாருக்கு? வேகமும் உழைப்பும் உங்கள் பலம் என்றால் நவாஸ். ஒற்றைக்கு ஒற்றை நின்று ஆளைத் தாண்டப் பழக வேண்டுமென்றால் ஹோவாக்கின். பயிற்சியாளர் கேட்டால், முதலில் நவாஸைக் காட்டச் சொல்வேன்.