பட்டறைக் குளிருக்கு இரட்டை டிரம் மரத்தூள் கணப்பு: வாங்கலாமா?

ஊட்டி, குன்னூர்ப் பக்கம் மார்கழிக் காலையில் தச்சுப் பட்டறையில் வெள்ளைப் பசை பிடிக்காது. சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, இணைப்பு தட்டினாலே பிரிந்துவிடும். கணப்புக்கு விறகு வாங்குவதைவிட காலடியில் குவியும் தூளையே எரிக்கலாம். வெல்டிங் கடையில் சொல்லிச் செய்யும் இந்த மாடலுக்கு என் ஓட்டு உண்டு, ஆனால் மூடியைப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும்.

அமைப்பு இதுதான். வெளியே 200 லிட்டர் டிரம். உள்ளே சுற்றிலும் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு, கால் வைத்த சின்ன டிரம். அதன் அடியில் நடுவே இரண்டரை அங்குல ஓட்டை. அடியில் இழுக்கும் சாம்பல் தட்டு, காற்றும் அந்த வழிதான். மேல் பக்கவாட்டிலிருந்து நாலு அங்குலப் புகைக்குழாய் கூரையைத் தாண்டிப் போக வேண்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு வேண்டாம், சூட்டில் துத்தநாகப் புகை வரும். பழைய எண்ணெய் டிரம் என்றால் நன்றாகக் கழுவி ஆவி போன பிறகே வெட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும்.

பெயர் கணப்பு என்றாலும் வேலை முழுக்க நிரப்புவதில்தான். ஓட்டையில் வழவழப்பான உருளைக்கட்டையை நிறுத்தி, தூளை நாலு விரற்கடை உயரத்துக்கு ஒரு தடவை போட்டுக் கெட்டியாக இடிக்க வேண்டும். கட்டையைத் திருகியபடியே உருவினால் நடுவில் நேர்த்துளை நிற்கும். தட்டில் சுள்ளி வைத்துப் பற்றவைத்தால், துளையின் சுவர் கனன்று வெளிப்பக்கமாக மெல்ல எரியும். தளர்வாக இடித்தால் பாதியில் சரிந்து துளை அடைபடும், பட்டறை முழுக்கப் புகை. ஈரத்தூளும் அதே கதைதான். கூடவே குழாயில் தார் படியும். இழைப்புச் சுருளை மட்டும் போட்டால் குபீரென்று எரிந்து தீரும்.

எரியும்போது மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே தேங்கிய வாயு காற்றுப் பட்டதும் முகத்தில் பாயும். கடைக்காரர்கள் சறுக்குவதும் இந்த மூடியில்தான்: விளிம்பில் கண்ணாடிநூல் கயிறு வைக்காமல் வெறும் தகட்டைக் கவிழ்த்துத் தருகிறார்கள். அந்த இடுக்கில் கசியும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. கயிறு இல்லாததை வாங்காதீர்கள். டீக்கடையில் எரியும் புகைக்குழாய் இல்லாத தூள் அடுப்பையும் மூடிய பட்டறைக்குள் கொண்டுவராதீர்கள்.

பிளைவுட், எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திய பலகை) தூள் இதற்கு ஆகாது, அவற்றில் உள்ள பசையின் புகை கண்ணை எரிக்கும். உப்புத்தாள் தேய்த்த மாவுத்தூளையும் கலக்காதீர்கள். காற்றில் பறந்தால் தீப்பொறி போதும், வெடித்துவிடும். அறுவை மில் தூளைப் பாலிதீன் கூரைக்கடியில் காயவைத்து எடுத்தால் போதும்.