போலித் தரவுக்கு ஃபேக்கர்: நெடுநாள் பயன்படுத்தியதில் தெரிந்தவை

"டெஸ்ட் ஒன்று, டெஸ்ட் இரண்டு" என்று நான்கு வரிகளை நிரப்பிவிட்டு மென்பொருளைச் சோதித்தாயிற்று என்று கையெழுத்துப் போடும் வழக்கம் நம் அலுவலகங்களில் இன்னும் ஒழியவில்லை. அதைவிட மோசமான பழக்கம் ஒன்றும் உண்டு. உண்மையான வாடிக்கையாளர் பட்டியலை, கைப்பேசி எண்ணும் முகவரியும் சேர்த்து, அப்படியே சோதனை சர்வருக்கு நகல் எடுத்துவிடுவார்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் பிறகும் "உள்ளேதானே இருக்கிறது" என்ற பதில்தான் வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி தேடியபோது எனக்குக் கிடைத்தது, சோதனைக்கான போலிப் பெயர், முகவரி, எண்களை உருவாக்கித் தரும் ஃபேக்கர். சில ஆண்டுகளாக அதன் கட்டளை வரி வடிவத்தைத்தான், அதாவது முனையத்தில் கட்டளை தட்டச்சு செய்து ஓட்டும் வடிவத்தைத்தான், அன்றாடம் பயன்படுத்துகிறேன்.

பைத்தானில் எழுதப்பட்ட திறமூல நிரல் இது. எழுதத் தொடங்கியவர் டானியேலே ஃபராலியா. பெர்ல், ரூபி, பிஎச்பி மொழிகளில் முன்பே இருந்த இதே வகைக் கருவிகளைப் பார்த்து உருவானது. ஜாவாஸ்கிரிப்டில் இதே பெயரில் இன்னொன்று இருந்தது. 2022 ஜனவரியில் அதை எழுதியவரே உள்ளடக்கத்தை அழித்துவிட, அதை நம்பியிருந்த பலர் திண்டாடினார்கள். பிறகு வேறு குழு அதை எடுத்து நடத்துகிறது. பெயர் ஒன்றுதானே என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் பேசுவது பைத்தான் ஃபேக்கரைப் பற்றி.

நிறுவுவது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் இருந்தால் ஒரே கட்டளை. மொழியைத் தேர்ந்தெடுக்க ஒரு விருப்பக்குறி, எத்தனை வரிகள் என்பதற்கு ஒன்று, வரியின் முடிவில் என்ன குறி வர வேண்டும் என்பதற்கு ஒன்று. மொழியைத் தமிழ் என்று வைத்துப் பெயர் கேட்டால் தமிழ் எழுத்திலேயே பெயர்கள் கொட்டுகின்றன. முதல் முறை பார்த்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். தனித்தமிழ்ப் பெயர்கள் நிறைய வருகின்றன. நம் வாக்காளர் பட்டியலைப் போல இருக்கிறதா என்றால் இல்லை. இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து வரும், தலைப்பெழுத்து வராது. முன்பெயர், குடும்பப் பெயர் என்று பிரிக்கும் சட்டகத்துக்குள் தமிழ்ப் பெயரைத் திணித்ததன் விளைவு இது.

இங்கேதான் வார்ப்புரு வசதி கைகொடுக்கிறது. ஒரு சரத்தை எழுதிக் கொடுத்தால், அதில் கேள்விக்குறி இருக்கும் இடத்தில் ஓர் எழுத்தும் # குறி இருக்கும் இடத்தில் ஓர் இலக்கமும் நிரப்பப்படும். இரட்டை நெளி அடைப்புக்குள் ஒரு களத்தின் (முதற்பெயர், மின்னஞ்சல் போன்ற தரவு வகையின்) பெயரைப் போட்டால் அந்தக் களம் வந்து உட்காரும். எந்த எழுத்துகளிலிருந்து எடுக்க வேண்டும் என்பதையும் நாமே சொல்லலாம். ஒரு கேள்விக்குறி, ஒரு புள்ளி, ஓர் இடைவெளி, பிறகு அடைப்புக்குள் முதற்பெயர்; எழுத்துத் தொகுதியாக "கசதநபமவ". அவ்வளவுதான், "ம. அகிலன்" என்ற தோரணையில் வரிசையாகப் பெயர்கள் வரத் தொடங்கிவிடும். ஆனால் ஆசைப்பட்டு அந்தத் தொகுதியில் "கா", "மு" என்று சேர்க்கக் கூடாது. நமக்கு "கா" ஓர் எழுத்து. கணினிக்கு அது ககரமும் துணைக்காலுமாக இரண்டு குறியீடுகள். கருவி அவற்றைப் பிரித்தெடுத்து, சில வரிகளில் வெறும் துணைக்காலை மட்டும் தலைப்பெழுத்தாக வைத்துவிடும்.

இந்தக் கருவி எனக்குச் செய்த பெரிய உபகாரம் நீளமான பெயர்கள் விஷயத்தில். ஒரு வாடிக்கையாளரின் பழைய தரவுத்தளத்தில் பெயர்க் களம் 40 பைட் (கணினிச் சேமிப்பின் சிறு அலகு) என்று வரையறுக்கப்பட்டிருந்தது. நாற்பது எழுத்து போதாதா என்பதே எல்லோருடைய வாதமும். கிருஷ்ணமூர்த்தி என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். நாம் எண்ணினால் எட்டு எழுத்து. யூனிகோடு கணக்கில் 15 குறியீடுகள். அந்தக் குறியீடுகளைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் பிடிப்பதால் மொத்தம் 45 பைட். நாற்பதில் வெட்டினால் 39 பைட் வரை "கிருஷ்ணமூர்த்" என்று நிற்கும். மிஞ்சிய ஒற்றை பைட், கறுப்பு வைரத்துக்குள் வெள்ளைக் கேள்விக்குறியாக ரசீதில் அச்சாகும். தலைப்பெழுத்தே இல்லாமல் இந்தக் கதி. "டெஸ்ட் ஒன்று" என்று நிரப்பிக்கொண்டிருந்தவரை இது யார் கண்ணிலும் படவில்லை. ஃபேக்கரில் ஆயிரம் தமிழ்ப் பெயர்களை உருவாக்கி உள்ளே தள்ளிய அன்றே இத்தகைய வரிகள் வெளியே வந்துவிட்டன. இதற்கு மட்டுமே இந்தக் கருவியைப் பரிந்துரைப்பேன்.

குறைகளும் சொல்ல வேண்டும். வார்ப்புருவில் # என்றால் 0 முதல் 9 வரை ஏதாவது ஓர் இலக்கம், % என்றால் பூச்சியம் அல்லாத இலக்கம், ! என்றால் இலக்கம் அல்லது வெற்றிடம், @ என்றால் பூச்சியம் அல்லாத இலக்கம் அல்லது வெற்றிடம். கடைசிக் குறியைக் கவனியுங்கள். வார்ப்புருவுக்குள் மின்னஞ்சல் களத்தை வைத்தால், முதலில் முகவரி நல்லபடியாக உருவாகும். பிறகு அந்த முழுச் சரத்தின் மீதும் குறிகளை நிரப்பும் வேலை ஓடும். முகவரியின் நடுவில் இருக்கும் @ மறைந்து அந்த இடத்தில் 7 என்றோ ஒன்றுமில்லாமலோ இருக்கும். பார்த்தவுடன் பிடிபடாத பிழை, ஏனென்றால் எழுத்துகளும் புள்ளியும் சரியாகத்தான் இருக்கும். இப்போதெல்லாம் மின்னஞ்சலை ஆங்கில மொழித் தேர்வில் தனிக் கோப்பாக உருவாக்கி, யுனிக்ஸின் பேஸ்ட் கட்டளையால் பெயர்க் கோப்புடன் ஒட்டிவிடுகிறேன். மின்னஞ்சல் பற்றி ஒரு நல்ல வார்த்தை: நான் வைத்திருக்கும் பதிப்பு, எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட எக்ஸாம்பிள் டாட் காம், டாட் ஆர்க், டாட் நெட் முகவரிகளைத்தான் தானாகத் தருகிறது. தவறுதலாக அஞ்சல் அனுப்பும் நிரல் ஓடிவிட்டாலும் யாருடைய அஞ்சல் பெட்டியும் நிறையாது.

வாகன எண் போன்றவற்றில் இன்னொரு தொல்லை. எழுத்துத் தொகுதி கொடுக்காவிட்டால் கேள்விக்குறிக்குச் சிற்றெழுத்தும் பேரெழுத்தும் கலந்து வரும். ஆங்கிலப் பேரெழுத்துகள் இருபத்தாறையும் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். வார்ப்புருவை ஒற்றை மேற்கோளுக்குள் வைப்பதும் அவசியம். இரட்டை மேற்கோளுக்குள் ஆச்சரியக்குறி இருந்தால், முனையத்தில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் அதைப் பழைய கட்டளையைத் திரும்ப அழைப்பதாக எடுத்துக்கொள்ளும்.

எண்களுக்கு எல்லை வைப்பதுதான் கட்டளை வரியில் எனக்குப் பெரும் எரிச்சல். பைத்தான் நிரலுக்குள் 18 முதல் 60 வரை என்று எளிதாகச் சொல்லலாம். கட்டளை வரியில் கொடுக்கும் 18உம் 60உம் எண்ணாகப் போகாமல் எழுத்துச் சரமாகப் போய்ப் பிழை காட்டும். தமிழ்நாட்டு அஞ்சல் குறியீடு 60இல் தொடங்கி 64 வரைதான். இரண்டாவது இலக்கம் நான்கைத் தாண்டக் கூடாது என்று # குறியால் சொல்ல வழியில்லை; அந்த இடத்தில் கேள்விக்குறி வைத்து, எழுத்துத் தொகுதியாக "01234" கொடுத்துச் சுற்றி வர வேண்டும். அப்படிப்பட்ட இடங்களில் கையால் எழுதிய ஒரு பட்டியலை ஷஃப் கட்டளையால் கலைத்து எடுப்பதே விரைவு.

வடிவம் சரியாக இருப்பதும் எண் செல்லுபடியாவதும் வேறு வேறு என்பதைப் புதிதாக வருபவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு # போட்டால் ஆதார் எண் மாதிரி தோன்றும். ஆனால் ஆதாரின் முதல் இலக்கம் 0 அல்லது 1 ஆக இருக்காது. கடைசி இலக்கம் வெர்ஹூஃப் முறையில் கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். அந்தக் கடைசி இலக்கத்தை மட்டும் பார்த்தாலே சரிபார்க்கும் நிரல் பத்தில் ஒன்பது போலி எண்களைத் தள்ளிவிடும். தள்ள வேண்டும் என்பதைச் சோதிக்க அந்த ஒன்பதும் உதவும் என்பது வேறு கதை. அதேபோல் ஒவ்வொரு களமும் தன்போக்கில் பிறக்கிறது. ஊர் ஒன்று, அஞ்சல் குறியீடு வேறொரு மாவட்டத்துக்கு உரியது, பிறந்த தேதிக்கும் பணியில் சேர்ந்த தேதிக்கும் தொடர்பே இல்லை. ஐந்து வயதில் வேலைக்குச் சேர்ந்த ஊழியர்கள் என் சோதனைத் தரவுத்தளத்தில் ஏராளம்.

ஒரே தரவு மறுபடி வேண்டுமென்றால் விதை எண் (தற்செயல் தேர்வு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும் எண்) கொடுக்கலாம். பைத்தான் நிரலுக்குள் அது நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் பதிப்பு மாறாதவரைதான். பெயர்ப் பட்டியல்கள் அவ்வப்போது திருத்தப்படுவதால் சிறு பதிப்பு மாறினாலும் விளைவு மாறலாம் என்று ஆவணத்திலேயே எச்சரித்திருக்கிறார்கள். பதிப்பு எண்ணைக் கடைசி இலக்கம் வரை பூட்டி வைப்பது எங்கள் குழுவில் கட்டாயம்.

வேகமும் ஒரு பிரச்சினை. கட்டளை வரியில் எத்தனை வரிகள் கேட்டாலும், ஒவ்வொரு வரிக்கும் கருவி தன்னை முதலிலிருந்து தயார் செய்துகொள்கிறது. நூறு வரிக்குத் தெரியாது. லட்சம் வரி கேட்டுவிட்டுக் காத்திருந்தால் பொறுமை போய்விடும். பெரிய தொகுதி வேண்டும்போது இதே வார்ப்புருவை நான்கைந்து வரிப் பைத்தான் நிரலுக்குள் வைத்து ஓட்டுகிறேன். அங்கே கருவி ஒருமுறைதான் ஏறும், எண்களுக்கு எல்லை வைக்கலாம், ஒரே பெயர் இருமுறை வராமல் தடுக்கவும் வசதி இருக்கிறது. கட்டளை வரியில் இப்போது நான் செய்வது சிறு வேலைகள்தான்: புதிதாக எழுதிய படிவத்துக்கு இருபது பெயர், ஒரு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) ஏற்றுமதி உடைகிறதா என்று பார்க்க ஐம்பது முகவரி. அவற்றுக்கு இதைவிடக் கைக்கு அடக்கமான கருவியை நான் பார்க்கவில்லை. தமிழ்ப் பெயர்ப் பட்டியல் கருவியின் மூல நிரலில் சாதாரணப் பைத்தான் கோப்பாகத்தான் இருக்கிறது. தலைப்பெழுத்துக்கு ஒரு வடிவத்தைச் சேர்க்க அதில் சில வரிகள் போதும். யாராவது முந்திக்கொண்டால் மகிழ்ச்சி.