மூன்று அச்சு, 11 தீபாவளி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் ஆர்டருக்கு முறுக்கு சுடத் தொடங்கி 11 தீபாவளி ஆகிவிட்டது. இதற்குள் மூன்று அச்சுகளில் பிழிந்துவிட்டேன். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து தாமான் குடியிருப்புக்கு வந்தபோது அம்மா எடுத்து வந்த மர அச்சு ஒன்று. இரண்டாவது, திருகிப் பிழியும் அலுமினிய அச்சு. இப்போது இருப்பது பித்தளை. "எது வாங்கலாம் அக்கா?" என்று கேட்பவர்களிடம் வாசலில் நின்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குள் அடுப்பில் எண்ணெய் புகைந்துவிடுகிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

மர அச்சை அம்மா முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போடுவார். காலையில் துடைத்து உள்ளே எண்ணெய் தடவுவார். மரம் வெடிக்காமலிருக்கத்தான் என்று நினைத்திருந்தேன். ஒரு வருடம் சோம்பல்பட்டு ஊறவைக்காமல் மாவை அடைத்தேன். முதல் பிழிக்கு இறங்கியது. இரண்டாவதற்கு முக்காலியில் ஏறி, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தியும் அசையவில்லை.

காரணத்தை அண்ணன் சொன்னார். அவர் ரப்பர் ஆலைச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவர். "மாவு தண்ணீர் மாதிரி ஓடாது தங்கச்சி, கட்டியாகவே நகரும். ஓரத்தில் தண்ணீரும் எண்ணெயும் கசிந்து முடியைவிட மெல்லிய படலம் ஒன்று கட்டும். அதன் மேல்தான் மொத்த மாவும் வழுக்கி இறங்குகிறது. உன் காய்ந்த மரம் அந்தப் படலத்தைக் குடித்துவிட்டது" என்றார். அன்றிலிருந்து அச்சைப் பார்க்கும் என் கண்ணே மாறிவிட்டது. அதுவரை எல்லாப் பழியையும் மாவின் மேலும் என் கையின் மேலும்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

அலுமினியம், பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் 35 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கியது. முதல் இரண்டு வருடம் சொகுசுதான். உப்பு மாவு பட்டு உள்ளே கறுக்க ஆரம்பித்தது. நானும் கம்பி ஸ்க்ரப்பரால் பளபளவென்று தேய்த்துத் தேய்த்து வைத்தேன். மூன்றாம் வருடம் திருகவே முடியவில்லை. அண்ணன் குழலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். உள்சுவர் முழுக்க மெல்லிய கீறல்கள், வளையம் வளையமாக.

அவருடைய கூடத்தில் ரப்பரின் கெட்டித்தன்மையை அளக்கும் மூனி இயந்திரம் இருந்ததாம். அதன் சுழலும் தட்டிலும் சுற்றுச்சுவரிலும் வேண்டுமென்றே வரிப்பள்ளம் வெட்டியிருப்பார்கள், ரப்பர் வழுக்கினால் அளவு பொய்யாகிவிடும் என்று. "அங்கே வழுக்காமலிருக்கச் செய்வதை நீ முறுக்கு அச்சில் செய்து வைத்திருக்கிறாய்" என்று சிரித்தார். எஸ்எம்ஆர் சிவி 60 (கெட்டித்தன்மை மாறாத மலேசியத் தர ரப்பர்) என்று நம் ஊர் ரப்பருக்குத் தரம் போடுகிறார்களே, அந்த 60 மூனி அளவுதான். அந்த இயந்திரத்துக்குப் பெயர் தந்த மெல்வின் மூனிதான் 1931இல், குழாய்க்குள் போகும் பொருள் சுவரில் எவ்வளவு வழுக்குகிறது என்பதை வெவ்வேறு அகலக் குழாய்களை ஒப்பிட்டுக் கணக்கிடும் வழியையும் சொன்னவர். பால் வடியும் ரப்பர் மரத்துக்கும் முறுக்குக்கும் இப்படி ஓர் உறவு!

திருகு அச்சில் இன்னொரு கண்ணியும் உண்டு. அது அழுத்தத்தை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு நாள் பாதி பிழிந்தபோது போன் வந்தது. இறுக்கியபடியே வைத்துவிட்டுப் போய்ப் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் அச்சின் துளைத் தட்டுக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். உள்ளே மாவு செங்கல். மெல்ல அழுத்தினாலும் இதே கதைதான். அரிசி மாவைத் தள்ளுவதற்குள் தண்ணீர் முந்திக்கொண்டு ஓடிவிடும். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் இன்னும் மோசம். கொதிநீர் ஊற்றிக் கிளறும்போது மாவு கொஞ்சம் வெந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. இடியாப்ப மாவுக்கு வெந்நீர் கேட்பது அதனால்தான்.

இதை உங்கள் கையே காட்டிக்கொடுக்கும். மாவு இறங்க இறங்கச் சுவரோடு உரசும் நீளம் குறைகிறது, ஆகவே போகப் போகக் கை லேசாக வேண்டும். மாறாகக் கனத்தால், உள்ளே தண்ணீர் பிரிந்துவிட்டது. மேலும் முறுக்காதீர்கள். மாவை வெளியே எடுத்து, கொஞ்சம் வெந்நீர் தெளித்துப் பிசைந்து மறுபடி அடையுங்கள். எனக்கு இது புரிவதற்குள் திருகின் மரை தேய்ந்து போயிற்று.

பித்தளைக்கு வருகிறேன். குழல் வழவழப்பு, கைப்பிடி உறுதி. கனம் அதிகம். மாவை இரவு உள்ளே விட்டால் களிம்பு ஏறும், புளி போட்டுக் கழுவ வேண்டும். முறுக்குக்கு முதல் நாளிலிருந்தே அருமையாக இறங்கியது. இடியாப்பத்துக்கு மட்டும் அடம். தட்டு 3 மில்லிமீட்டர் தடிமன், துளை 1 மில்லிமீட்டர். அண்ணன் காகிதத்தில் போட்டுக் காட்டினார்: சுவர் உரசலுக்குத் தேவைப்படும் அழுத்தம், நீளத்தை அகலத்தால் வகுத்த அளவுக்கு ஏறும். 5 சென்டிமீட்டர் குழலில் 12 சென்டிமீட்டர் மாவு என்றால் 2.4. அந்தக் குட்டித் துளையிலோ 3! உரசல் இரண்டிலும் ஒன்றுதான் என்று வைத்தாலும், முழுக் குழலைவிட 3 மில்லிமீட்டர் தட்டு அதிகம் கேட்கிறது. அகன்ற மாவு அவ்வளவு சிறிய துளைக்குள் சுருங்கி நுழையும் பாடு வேறு.

மெல்லிய தகடு போட்டால் வளைந்துவிடும். ஆகவே தட்டைப் பக்கத்துப் பட்டறையில் கொடுத்து, ஒவ்வொரு துளையையும் உள்பக்கம் புனல் போல அகலப்படுத்தினேன். வெளிப்பக்கம் 1 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் நேர்த்துளை. பிசிர் போகத் தென்னை ஈர்க்கு விட்டுச் சுத்தம் செய்தேன். இப்போது அம்மாவே உட்கார்ந்தபடி பிழிகிறார். பட்டறைக்காரர் காசு வேண்டாம் என்றார், தீபாவளிக்கு ஒரு டின் முள்ளு முறுக்கு கேட்டிருக்கிறார். மர அச்சை இன்னும் வைத்திருக்கிறேன். ஆர்டர் குவிந்தால் முதல் நாள் இரவே அதுவும் வாளியில் இறங்கிவிடும்.